குழந்தைகளிடம் மண்வெட்டி கொடுத்த அம்மையார்

பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி நடந்தாலும் சரி, தமிழ்நாட்டின் வேறு ஊருக்குப் போனாலும் சரி, சின்னக் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களின் பலகையில் மாண்டிசோரி என்ற சொல்லை அடிக்கடி பார்க்கலாம்.

அது என்ன சொல்? நர்சரிப் பள்ளிக்கு இன்னொரு இங்கிலீஷ் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது இங்கிலீஷும் அல்ல. படிப்பின் பெயரும் அல்ல. ஒரு பெண்ணின் குடும்பப் பெயர்! இத்தாலி நாட்டில் பிறந்து, சென்னை அடையாற்றிலும் கொடைக்கானல் மலையிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த ஒரு டாக்டர் அம்மாளின் பெயர்.

அந்தப் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்ட பள்ளிகள் சிலவற்றில் வண்ண நாற்காலி இருக்கிறது. சுவரில் யானைப் படம் இருக்கிறது. ஒரே ஒரு செடி இல்லை. அந்த அம்மையார் பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

ஏன் என்று தெரிய வேண்டுமானால், அவருடைய கதையைக் கேட்க வேண்டும்.

பிணத்துடன் தனியே

மரியா மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலியில் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் அலெஸாண்ட்ரோ அரசாங்க உத்தியோகஸ்தர். தாயார் ரெனில்டே, புத்தகம் படிப்பதில் ஆசை உள்ளவர். ஒரே மகள்.

அந்தக் காலத்தில் இத்தாலியில் பெண்கள் படித்தால் வாத்தியார் அம்மா ஆகலாம். அதற்கு மேல் இல்லை. மரியாவோ முதலில் என்ஜினீயர் ஆகப்போகிறேன் என்றார். பிறகு டாக்டர் ஆகப்போகிறேன் என்றார். தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. தாயார் மகள் பக்கம் நின்றார்.

ரோமாபுரியில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிணத்தை அறுத்துப் பார்த்துப் படிக்க வேண்டிய பாடம் வந்தது. ஆண் மாணவர்களோடு ஒரு பெண் நின்று அதைப் பார்க்கலாமா? கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் போன பிறகு, மாலை நேரத்தில், பிணங்களோடு தனியாக இருந்து அவர் படித்தார். 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியில் டாக்டரான முதல் சில பெண்களில் அவர் ஒருவர்.

ரொட்டித் துணுக்கு

டாக்டரானதும் மனநோய் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ப் பார்க்கும் வேலை கிடைத்தது. அங்கே மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். வெறும் அறை. விளையாட ஒரு பொருளும் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். பசியினால் என்று காவல் வேலைக்காரி நினைத்தாள். டாக்டர் மாண்டிசோரி உற்றுப் பார்த்தார். பசி அல்ல. கையில் பிடித்துப் பார்க்க, உருட்ட, அந்த அறையில் வேறு ஒன்றுமே இல்லை!

குழந்தையின் அறிவு கை வழியாக உள்ளே போகிறது என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் விழுந்தது. அந்தக் குழந்தைகளுக்குத் தொட்டுப் பார்க்கும் பொருள்களைக் கொடுத்து எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். சிலர் மற்றப் பிள்ளைகளோடு அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. ஆனால் அவருக்கு வேறு கவலை. புத்தி குறைந்த பிள்ளைகளே இவ்வளவு செய்தால், நல்ல புத்தியுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் எப்படிக் கெடுத்து வைத்திருக்கின்றன என்று யோசித்தார்.

ஜன்னலில் இருந்து விழுந்த குப்பை

ரோமாபுரியில் சான் லொரென்ஸோ என்று ஓர் ஏழைப் பகுதி. கூலிக்காரர்கள் குடியிருந்த இடம். ஒரு கம்பெனி அங்கே பெரிய பெரிய கட்டிடங்களை வாங்கிப் பழுதுபார்த்து வாடகைக்கு விட்டது. தாயும் தகப்பனும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூட வயது வராத குழந்தைகள் வீட்டில் தனியே. சும்மா இருப்பார்களா? சுவரில் கிறுக்கினார்கள். மாடிப்படியை உடைத்தார்கள்.

கட்டிடத்தைக் காப்பாற்றத்தான் கம்பெனி மாண்டிசோரியைக் கூப்பிட்டது. குழந்தைகளைக் காப்பாற்ற அல்ல! 1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, 50-க்கு மேற்பட்ட குழந்தைகளோடு ஓர் அறை திறக்கப்பட்டது. அதற்குக் குழந்தைகள் வீடு என்று பெயர். உலகத்தில் முதல் மாண்டிசோரிப் பள்ளி அதுதான்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும், திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளிலும் வேலை செய்யும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒடிசாவில் இருந்து பிழைக்க வந்தவர்கள் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் குழந்தை புழுதியில் உட்கார்ந்திருக்கும். சான் லொரென்ஸோவின் குழந்தைகள் அப்படிப்பட்டவர்களே.

அறைக்கு வெளியே முற்றம் இருந்தது. அதில் ஒரு நீளமான நிலத்தை அம்மையார் கேட்டு வாங்கினார். ஒரு பக்கம் மரங்கள், நடுவே நடைபாதை, இன்னொரு பக்கம் கொத்திய மண். அந்த மண்ணைச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பாத்தி கொடுத்தார். நான்கு வயது ஆனவர்கள் நிலச் சொந்தக்காரர்கள்! விதைப்பது, கொத்துவது, தண்ணீர் ஊற்றுவது, முளை வந்ததா என்று குனிந்து பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. அதைவிடச் சின்னக் குழந்தைகள் பாதையில் ஓடி விளையாடுவார்கள்.

ஒரு தொந்தரவு இருந்தது. அந்தப் பாத்திகள் கட்டிடச் சுவரை ஒட்டி, முட்டுச் சந்துப் பக்கம் இருந்தன. மாடிக் குடித்தனக்காரர்கள் காய்கறித் தோலையும் கழிவையும் ஜன்னல் வழியாகக் கொட்டுவது வழக்கம். ஆரம்பத்தில் எல்லாம் குழந்தைகளின் தோட்டத்தில் வந்து விழுந்தது.

அம்மையார் யாரையும் கண்டிக்கவில்லை. போர்டு எழுதி மாட்டவில்லை. அபராதம் போடவில்லை. குழந்தைகள் தினமும் வேலை செய்தார்கள். மேலே இருந்தவர்கள் பார்த்தார்கள். தங்கள் பிள்ளை போட்ட விதையின் மேல் தாங்களே குப்பை கொட்டுவதா? நாளடைவில் குப்பை விழுவது தானாக நின்றது. வேலை முடிந்து வந்த தாய்மார்கள் அதே ஜன்னல்களில் நின்று பாத்திகளைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மையாரே தம் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். 1909-ல் வந்த அந்தப் புத்தகத்தில் இயற்கைக்கும் தோட்ட வேலைக்கும் தனி அத்தியாயமே உண்டு. குழந்தைகளுக்குத் தோட்டக்கலை கற்றுக்கொடுத்த லாட்டர் என்ற லண்டன் ஆசிரியையின் வழியையும் அதில் மெச்சியிருக்கிறார்.

செடி சொல்லும் பாடம்

தோட்டம் எதற்கு? கத்தரிக்காய் மிச்சம் பிடிக்கவா? இல்லை.

தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும். அதைச் சொல்ல ஆசிரியர் வேண்டாம். செடியே சொல்லும். அடித்தோ மிரட்டியோ கற்றுக்கொடுக்க முடியாத பொறுப்பு, வாடிய ஓர் இலையைப் பார்த்ததும் குழந்தைக்கு வந்துவிடுகிறது. நாளைக்கு ஊற்ற வேண்டும் என்ற நினைப்பு வருகிறது. விதை போட்ட மறுநாள் மரம் வராது என்று தெரிகிறது. காத்திருக்கப் பழகுகிறது. பெரியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மிலான் நகரில் இருந்த குழந்தைகள் வீட்டில் ஒரு ஜோடி வெள்ளைக் கோழி வளர்த்தார்கள். அவற்றுக்குச் சீனக் கோபுரம் மாதிரி ஒரு சின்னக் கூண்டு. சாயங்காலம் கதவைப் பூட்டுவதும், காலையில் திறந்து தண்ணீரும் வைக்கோலும் வைப்பதும் குழந்தைகளின் முறை வேலை.

அம்மையார் கண்ட இன்னொரு விஷயம் நம் ஆசிரியர்களுக்கு மிகவும் உபயோகப்படும். குழந்தைக்கு விதைப்பதைவிட அறுவடையில்தான் ஆசை அதிகம்! விதை போடச் சொல்லிவிட்டு மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னால் ஆசை போய்விடும். முதலில் பறிக்க விட வேண்டும். பறித்த ருசி தெரிந்தால் விதைக்கும் ஆசை தானே வரும். தோட்டமும் பெரிதாக இருக்கக் கூடாது. குழந்தையின் மனத்தில் பிடித்து வைக்கக் கூடிய அளவு செடிகள் போதும்.

நம் ஊரில் இதைச் செய்ய என்ன செலவு? வெந்தயத்தை ஈரத் துணியில் கட்டி வைத்தால் இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். கொட்டாங்கச்சியில் மண் போட்டு அவரை விதை ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் தலையைத் தூக்கும். முளைக்கீரை தூவினால் 25 நாளில் பறித்து, சத்துணவுச் சட்டியிலே போடலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 25 நாளே ஒரு யுகம். ஆகையால் கீரையில் தொடங்குவது நல்லது. மாங்கன்று பிறகு ஆகட்டும்.

சில பள்ளிகளில் அதிகாரி வரும் நாளுக்காகத் தோட்டம் போடுகிறார்கள். பிள்ளைகள் குடம் சுமக்கிறார்கள், பெயர் பெரியவர்களுக்கு. அது தோட்டப் பாடம் அல்ல. கூலி இல்லாத வேலை.

மறைத்து வைத்த மகன்

இனி அம்மையாரின் வாழ்க்கையில் ஒரு வேதனையான பக்கம்.

டாக்டராக இருந்த காலத்தில், தம்மோடு வேலை பார்த்த மொன்டெஸானோ என்ற டாக்டரை அவர் நேசித்தார். கல்யாணம் ஆகவில்லை. 1898-ம் ஆண்டு மார்ச்சு 31-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மாரியோ என்று பெயர். ஊருக்குத் தெரிந்தால் டாக்டர் வேலை போய்விடும். குடும்பத்தின் மானம் போய்விடும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். மொன்டெஸானோ 1901-ல் வேறு பெண்ணை மணந்துகொண்டார்.

உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் வீடு கட்டியவர், தம் குழந்தையைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை! அவ்வப்போது கிராமத்துக்குப் போய்ப் பார்ப்பார். தாய் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். 1912-ல் அவருடைய தாயார் ரெனில்டே காலமானார். அடுத்த ஆண்டு, மாரியோவுக்கு 15 வயது ஆனபோது, அவனை அழைத்து வந்து தம்முடன் வைத்துக்கொண்டார். ஆனாலும் வெளியில் அவனை உறவுக்காரப் பையன் என்றே பல ஆண்டு சொல்லி வந்தார். மாரியோ கோபித்துக்கொண்டு போகவில்லை. கடைசி வரை தாயின் வலது கையாக இருந்தான்.

அவரைக் குறை சொல்வது சுலபம். 1898-ம் ஆண்டு ஒரு பெண்ணுக்கு என்ன வழி இருந்தது என்று யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

அடையாற்றுக் குடிசைகள்

அம்மையாரின் முறை உலகம் எங்கும் பரவியது. முசோலினியும் முதலில் ஆதரித்தார். அம்மையாரும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். ஆனால் குழந்தைகளைச் சிப்பாய்களாக்க நினைக்கும் ஆட்சியும், குழந்தையைச் சுதந்திரமாக விடச் சொல்லும் பள்ளியும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934-ல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனார். 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர். ஹாலந்துக்குப் போனார்.

1939-ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல் அவரை அழைத்தார். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மணி தேவியின் கணவர் அவர். அம்மையாருக்கு அப்போது வயது 69. மகனோடு விமானத்தில் வந்து இறங்கினார்.

ஓலைக் குடிசைகளில் வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல பாகங்களில் இருந்தும் ஏறக்குறைய 300 ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ இங்கிலீஷில் சொல்லுவார். சில மாதம் தங்கிப் போகலாம் என்று வந்தார்கள். ஆனால் நடந்தது வேறு.

1940-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி இத்தாலி போரில் இறங்கியது. அன்றிலிருந்து இந்தியாவில் இருந்த இத்தாலியர் எல்லோரும் பிரிட்டிஷ் சர்க்காருக்கு எதிரி நாட்டார். மாரியோவைப் பிடித்து ஆமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையாரை அடையாற்றைவிட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். 70 வயதை நெருங்கிய கிழவி. பாஷை தெரியாத ஊர். துணைக்கு இருந்த ஒரே மகன் சிறையில்.

ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு 70-வது பிறந்த நாள். வைஸ்ராயிடம் இருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாகத் தந்தி சொன்னது. மகன்! ஊரறிய யாரும் சொல்லாத சொல்லை ஒரு சர்க்கார் தந்தி சொல்லிவிட்டது.

கொடைக்கானல் மலையில்

கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்தது. வெயில் தாங்காத அம்மையார் மலைக்குப் போக அனுமதி கிடைத்தது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் ரோஸ்பாங்க் என்ற வீட்டில் இருந்தார்கள். அங்கே ஒரு சின்னப் பள்ளியும் உண்டாயிற்று. இலங்கையில் இருந்து வந்த லீனா விக்கிரமரத்ன என்ற ஆசிரியை உதவிக்கு இருந்தார். பல வயதுக் குழந்தைகள், பல நாட்டுக் குழந்தைகள் ஒன்றாகப் படித்தார்கள்.

அதுவரை அம்மையார் அதிகமாகப் பேர் வாங்கியது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான கல்வியில். கொடைக்கானலில் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை, அதாவது நம் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று பார்த்தார். அறைக்குள் பதில் இல்லை. வெளியே இருந்தது. 7,000 அடி உயரத்து மலை. சோலைக்காடு, பெரணி, பாறை மேல் பாசி, ஓடை. பிள்ளைகள் நடந்து போய் அள்ளிக்கொண்டு வந்தார்கள். மாரியோ படங்களும் அட்டைகளும் செய்தார். படம் ஒரு அட்டை, பெயர் ஒரு அட்டை. பிள்ளைகள் தாங்களே சேர்த்துப் பார்ப்பார்கள்.

அம்மையாரின் வழியில் செடியைப் பற்றிய பாடம் எப்படி நடக்கும் தெரியுமா? முதலில் முழுச் செடி. பிறகுதான் வேர், தண்டு, இலை. ஆசிரியை வேரைத் தொட்டுக் காட்டிப் பெயரைச் சொல்லுவார். அடுத்து, வேர் எது என்று காட்டச் சொல்லுவார். கடைசியில்தான், தொட்டுக் காட்டி இது என்ன என்று கேட்பார். தெரியாவிட்டால் திட்டு இல்லை. இன்னொரு நாள் மறுபடி முதலில் இருந்து.

செடிக்கு என்ன வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வேண்டியது இல்லை. ஒரு செடியை இருட்டில் வைப்பார்கள். ஒன்றுக்குத் தண்ணீர் இல்லை. ஒன்றுக்கு எல்லாம் உண்டு. பத்து நாள் பார்த்தால் பாடம் முடிந்தது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு பெரிய எண்ணம் இருந்தது. உலகத்தில் எந்த உயிரும் தனக்காக மட்டும் வாழவில்லை. தெரியாமலே மற்றவற்றுக்கும் வேலை செய்கிறது என்பதே அது. ஆறு மலையைக் கரைத்துச் சுண்ணாம்பைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. பவளப் பூச்சி அந்தச் சுண்ணாம்பை எடுத்துக் கூடு கட்டிக் கடலைச் சுத்தமாக வைக்கிறது என்று அம்மையார் கதை போலச் சொல்லுவார். மண்புழு உழுகிறது. வண்டு பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கிறது. குழந்தை இதை முதலில் கதையாகக் கேட்க வேண்டும். பிறகு வெளியே போய்க் கண்ணால் பார்க்க வேண்டும்.

பொன்னேரிப் பிள்ளைகளுக்குக் கொடைக்கானல் வேண்டாம். ஊர்ப் பக்கமே ஆரணியாறு ஓடிப் பழவேற்காடு ஏரியில் விழுகிறது. ஆற்று நீர் உப்பு நீரோடு கலக்கும் அந்த ஏரியில் இறால் வளர்கிறது, மீன் வளர்கிறது. அதைத் தின்னப் பூநாரை கூட்டம் கூட்டமாக வருகிறது. வலை வீசுகிறவரும் அதை நம்பித்தான் உலை வைக்கிறார். ஆற்றில் சாக்கடையோ ஆலைக் கழிவோ கலந்தால் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி முதலில் அறும் என்று நான்காம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், ஒரு நாள் பூராவும் பேசுவான்.

1944-ல் அம்மையார் இலங்கை சென்று கொழும்பில் ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்தினார். 1946-ல் போர் முடிந்து ஐரோப்பா போனவர், 1947-ல் மறுபடி அடையாறு வந்தார். குழந்தையின் மனம் ஈரப் பஞ்சு மாதிரி எல்லாவற்றையும் உறிஞ்சும் என்று விளக்கும் அவருடைய புகழ்பெற்ற புத்தகம் 1949-ல் அடையாற்றில்தான் முதலில் அச்சாயிற்று. அந்த ஆண்டோடு இந்த நாட்டைவிட்டுப் போனார்.

2007-08-ம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஆரம்பப் பள்ளிகள் எங்கும் செயல்வழிக் கற்றல் என்ற முறை வந்ததே, நினைவு இருக்கிறதா? பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து, அட்டையை எடுத்துத் தானே படிக்கும் முறை. ஆசிரியரும் பிள்ளைகளோடு தரையில். அதில் அம்மையாரின் சாயல் உண்டு. அப்போது படித்த பிள்ளைகள் இன்று பெரியவர்கள்.

கடைசி மணி நேரம்

1949, 1950, 1951 மூன்று ஆண்டும் நோபல் சமாதானப் பரிசுக்கு அவர் பெயர் சொல்லப்பட்டது. கிடைக்கவில்லை. 1990-ல் இத்தாலி தன் ஆயிரம் லீரா நோட்டில் அவர் படத்தை அச்சடித்தது. யூரோ நாணயம் வந்த பிறகு அந்த நோட்டும் போய்விட்டது.

1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி. ஹாலந்தில் கடலோரத்தில் நூர்ட்விக் என்ற ஊர். அம்மையாருக்கு வயது 81. தோட்டத்தைப் பார்த்த அறையில் மாரியோவோடு உட்கார்ந்திருந்தார். ஆப்பிரிக்காவில் புதிதாக விடுதலை அடையப்போகும் ஒரு நாட்டுக்குப் போய் ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாமா என்று பேச்சு. இந்த வயதில் பயணம் வேண்டாம் என்று மகன் தடுத்தார். அம்மையார் கேட்கவில்லை. அந்த நாடு எங்கே இருக்கிறது என்று பார்க்க மாரியோ தேசப் படம் எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது தாயின் உயிர் பிரிந்திருந்தது.

அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். உயிலைப் பிரித்துப் பார்த்தார்கள். தம்முடையது எல்லாவற்றையும் மாரியோவுக்கு எழுதியிருந்தார். அதில் அவரை உறவுக்காரப் பையன் என்று எழுதவில்லை. மகன் என்று எழுதியிருந்தார்.